குட்டைப் பாசிக்குக் கற்பூர இலைச் சாறு ஊற்றலாமா?

கேள்வி: அக்கா, கோத்தகிரி நெடுகுளா பக்கம் ஒன்றரை ஏக்கரில் கேரட், பீட்ரூட், கொஞ்சம் முட்டைக்கோஸ் போடுகிறோம். ஷீட் விரிக்காத மண் குட்டை ஒன்று இருக்கிறது. இருபது மீட்டர் நீளம், பதினைந்து மீட்டர் அகலம், ஆளுயரத்துக்குக் கொஞ்சம் குறைவான ஆழம். ஸ்பிரிங்க்ளருக்குத் தண்ணீர் அதிலிருந்துதான். மாசி பிறந்தால் தண்ணீர் பச்சையாகிவிடுகிறது, ஓரமெல்லாம் நூல் நூலாகப் பாசி, தினமும் ஃபில்டரைக் கழற்றிக் கழுவ வேண்டியிருக்கிறது. பக்கத்துத் தோட்டத்துக்காரர் கற்பூர மரத்து (யூகலிப்டஸ்) இலையையும் வேப்பம் புண்ணாக்கையும் டிரம்மில் ஊறப்போட்டுச் சாறை ஊற்றினாராம், பத்து நாளில் தெளிந்துவிட்டது என்கிறார். அம்மா தேத்தாங்கொட்டை போடச் சொல்கிறார். கெமிக்கல் ஊற்ற எனக்கு மனமில்லை. மிரர் கார்ப் மீன் விட்டிருக்கிறேன், மாடும் அதில்தான் குடிக்கும். தண்ணீர் வீணாகக் கூடாது என்று கேரட் கழுவும் தண்ணீரையும் வாய்க்கால் வெட்டிக் குட்டைக்கே விட்டிருக்கிறோம். எந்தச் செடியின் சாறு, எவ்வளவு ஊற்ற வேண்டும் என்று சொல்லுங்கள்.

பதில்:

தம்பி, டிரம் சாறு வேண்டாம். கற்பூர இலை மட்டுமில்லை, எந்தப் பச்சை இலையின் சாறையும் மீன் இருக்கிற குட்டையில் ஊற்றாதீர்கள். செடியை வைத்துப் பாசியை அடக்க நல்ல வழி ஒன்று இருக்கிறது, அது காய்ந்த வைக்கோல். அதை எப்படிப் போடுவது என்று கீழே விவரமாகச் சொல்கிறேன். ஆனால் நீங்கள் கடைசியில் போகிற போக்கில் எழுதிய கேரட் கழுவும் தண்ணீர் இருக்கிறதே, உங்கள் கேள்விக்கான பதிலில் பாதி அங்கேதான் இருக்கிறது.

முதலில் உங்கள் குட்டையில் இருப்பது என்ன பாசி என்று பாருங்கள். ஓரத்தில் நூல் நூலாக வருவதைக் குச்சியால் தூக்கினால் ஈரத் தலைமுடி மாதிரி தொங்கும், அது சாதாரணப் பாசி, ஃபில்டரை அடைக்குமே தவிர ஆபத்தில்லை. தண்ணீர் முழுக்கப் பச்சையாக இருப்பதில்தான் இரண்டு வகை உண்டு. ஒரு கண்ணாடி பாட்டிலில் முக்கால் பாகம் குட்டைத் தண்ணீரைப் பிடித்து மூடி, அசைக்காமல் ஒரு இரவு ஃபிரிட்ஜில் வையுங்கள். கையுறை போட்டுக்கொண்டு எடுங்கள், ஃபிரிட்ஜில் சாப்பாட்டிலிருந்து தள்ளி வையுங்கள். காலையில் பச்சை அடியில் படிந்திருந்தால் பெரும்பாலும் சாதாரணப் பாசி. மேலே ஏடு கட்டினாற்போல் மிதந்தால் அது நீலப்பச்சைப் பாசியாக இருக்கலாம், அதில் சில இனங்கள் ஈரலைத் தாக்கும் நஞ்சை உண்டாக்கும். கொதிக்க வைத்தாலும் அந்த நஞ்சு போகாது. மிதந்தால் அன்றைக்கே மாட்டை அந்தப் பக்கம் விடாமல் கட்டுங்கள், பாத்திரம் கழுவ அந்தத் தண்ணீரை எடுக்காதீர்கள், அறுவடைக்கு நிற்கிற முட்டைக்கோஸ் மேல் தெளிக்காதீர்கள். முக்கியமாக, அதைக் கொல்ல எதையும் ஊற்றாதீர்கள். ஒரே நாளில் செத்தால் உள்ளே இருக்கிற நஞ்சு மொத்தமும் தண்ணீரில் கலந்துவிடும். இது நாட்டு மருந்துக்கும் கெமிக்கலுக்கும் ஒன்றுதான்.

பக்கத்துத் தோட்டத்துக்காரர் பொய் சொல்லவில்லை, அவர் குட்டை தெளிந்திருக்கும். கற்பூர இலையில் தைலம் இருக்கிறது, துவர்ப்புச் சத்து நிறைய இருக்கிறது, ஊறிய தண்ணீர் கட்டங்காப்பி நிறத்தில் இறங்கும். அந்த நிறமே வெயிலை மறைத்துப் பாசியைப் பட்டினி போடும், மீதியைச் சாறில் இருக்கிற காட்டம் பார்த்துக்கொள்ளும். அப்புறம்? செத்த பாசி அடியில் போய் அழுகுகிறது, ஊற்றிய சாறும் அழுகுகிறது, இரண்டுமாகச் சேர்ந்து தண்ணீரில் கரைந்திருக்கிற ஆக்சிஜனைத் தின்கின்றன. நம் மலையில் இதைக் கூடுதல் கவனத்தோடு பார்க்க வேண்டும். இரண்டாயிரம் மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவு, அதனால் அதே சூட்டில் இருக்கிற மேட்டுப்பாளையத்துக் குளத்தைவிட நம் குட்டையில் கரையும் ஆக்சிஜன் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு குறைவாகவே இருக்கும். தண்ணீர் குளிர்ச்சியாக இருப்பது கொஞ்சம் ஈடுகட்டும், ஆனால் பங்குனி, சித்திரை வெயிலில் அந்தக் குளிர்ச்சியும் போய்விடுகிறது. இரவு முழுக்கப் பாசியும் மூச்சு விடும், மீனும் விடும், அழுகலும் நடக்கும். அதனால் விடிகிற நேரத்தில்தான் ஆக்சிஜன் அடிமட்டத்துக்குப் போகிறது. அந்த நேரத்தில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் புரிந்துகொள்ளுங்கள்.

கற்பூர மரத்தின் சொந்த ஊரான ஆஸ்திரேலியாவிலேயே இது நடந்திருக்கிறது. 2010-11ல் முர்ரே ஆற்றில் வெள்ளம் வந்தபோது கரைக்காடுகளில் வருடக்கணக்காகக் குவிந்திருந்த அந்த மரத்து இனத்தின் இலைச்சருகு நனைந்து ஊறி, ஆறு கறுத்து, ஆக்சிஜன் இல்லாமல் மீன்கள் செத்து மிதந்தன. அங்கே யாரும் விஷம் கலக்கவில்லை, இலை ஊறினதுதான். சீகை மரத்து (வாட்டில்) பட்டை, இலைக்கும் இதே கதைதான், அதில் துவர்ப்பு இன்னும் அதிகம். சில பேர் உண்ணிச்செடியை (லேண்டானா) சொல்வார்கள். அதன் இலைச்சாறு நீலப்பச்சைப் பாசியைக் கொல்வது ஆய்வகத்தில் தெரிந்த விஷயம்தான், ஆனால் அதே செடி மாட்டின் ஈரலையும் கெடுக்கும். மாடு குடிக்கிற தண்ணீர், ராத்திரி காட்டுமாடும் வந்து வாய் வைக்கிற தண்ணீர், அதில் அது வேண்டவே வேண்டாம்.

வேப்பம் புண்ணாக்கு அதைவிட மோசமான யோசனை என்பேன், மண்ணுக்கு அது எவ்வளவு நல்லதோ அவ்வளவு. அது உரம், தம்பி. தழைச்சத்தும் மணிச்சத்தும் இருக்கிறது என்றுதானே பாத்தியில் போடுகிறோம்? அதையே குட்டையில் கரைத்தால் அடுத்த மாதத்துப் பாசிக்கு இன்றைக்கே சோறு போட்டது ஆகிவிடும். இன்னொன்று, வெறுங்கண்ணுக்குப் புள்ளி மாதிரி துள்ளித் துள்ளி நீந்துகிற குட்டிப் பூச்சிகள் தண்ணீரில் இருக்கும், டாஃப்னியா என்பார்கள். பச்சைத் தண்ணீரை வடிகட்டித் தின்று தெளிய வைப்பதே அவற்றின் வேலை. வேம்பில் இருக்கிற பூச்சிக்கொல்லிச் சத்து முதலில் அவற்றைத்தான் அடிக்கும். பாசியைத் தின்கிறவன் செத்த குட்டையில் பாசி முன்பைவிட வேகமாக வரும். பக்கத்துக் குட்டையை ஒரு மாதம் கழித்துப் போய்ப் பாருங்கள்.

அம்மா சொன்ன தேத்தாங்கொட்டைக்கு வருகிறேன். அவர் சொன்னது சரியான விஷயம், ஆனால் குட்டைக்கு இல்லை, குடத்துக்கு. பானையின் உள்பக்கம் கொட்டையை உரசிவிட்டுக் கலங்கல் தண்ணீரை ஊற்றி வைத்தால் கலங்கல் திரண்டு அடியில் போய்விடும். முருங்கை விதையும் இதே வேலையைச் செய்யும், அதில் இருக்கிற புரதம் அழுக்குத் துகளையும் பாசியையும் ஒன்றோடொன்று ஒட்டவைத்துக் கனமாக்கி இறக்குகிறது. மாட்டுக்கொட்டகை கழுவ, பாத்திரம் கழுவ ஒரு டிரம் தண்ணீர் தெளிந்து வேண்டுமென்றால், முற்றிக் காய்ந்த முருங்கை விதையைத் தோல் நீக்கி இடித்து, இருநூறு லிட்டருக்கு 20 கிராம் கணக்கில் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து வடிகட்டி ஊற்றி, பத்துப் பதினைந்து நிமிடம் மெதுவாகக் கலக்கிவிட்டு, இரண்டு மணி நேரம் தொடாமல் விடுங்கள். தெளிந்ததை அன்றைக்கே செலவழித்துவிடுங்கள், விதையின் சத்து தண்ணீரிலேயே நிற்பதால் மறுநாள் வாடை வரும். பாட்டில் சோதனையில் பச்சை மேலே மிதந்த தண்ணீருக்கு மட்டும் இதை நம்பாதீர்கள், கரைந்திருக்கிற நஞ்சை இது பிடிக்காது. முழுக் குட்டைக்குக் கணக்குப் போட்டால் உங்களுக்கு நாற்பத்தைந்து கிலோ பருப்பு வேண்டும், அவ்வளவையும் அடியில் அழுகவிடுவதற்கு அர்த்தமில்லை.

சரி, வைக்கோல். 1980களில் இங்கிலாந்தில் கவனிக்க ஆரம்பித்து, அப்புறம் கால்வாய்களிலும் குடிநீர்த் தேக்கங்களிலும் போட்டுப் பார்த்த முறை இது. அவர்கள் போட்டது பார்லி வைக்கோல். அது இருக்கிற பாசியைக் கொல்வதில்லை, புதிதாக வளரவிடாமல் தடுக்கிறது, அதனால்தான் எனக்கு அது பிடிக்கும். காற்றோட்டமும் வெயிலும் இருக்கிற மேல்தண்ணீரில் வைக்கோல் மெதுவாக மக்கும்போது அதன் நாரில் இருக்கிற லிக்னின் சிதைந்து, அதிலிருந்து மிகச் சிறிய அளவில் ஹைட்ரஜன் பெராக்சைடு போன்ற பொருள்கள் விடாமல் உண்டாகிக்கொண்டே இருக்கின்றன என்பதுதான் பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். மீனுக்குத் தொந்தரவில்லை, டாஃப்னியா மாதிரியானவை வைக்கோலுக்குள் குடியேறிப் பெருகவே செய்கின்றன. எல்லாக் குளத்திலும் ஒரே மாதிரி பலிப்பதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், அமெரிக்காவில் செய்த சோதனைகள் சிலவற்றில் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் சரியாகப் போட்டால் நஷ்டம் எதுவும் இல்லாத முறை.

பார்லி வைக்கோலுக்கு எங்கே போவது என்பீர்கள். படகர் ஊர்களில் முன்பு சாமை, ராகியோடு பார்லியும் கோதுமையும் விளைந்த மலைதான் இது, இப்போது எல்லாம் தேயிலையும் காய்கறியும். யாராவது சொந்த உபயோகத்துக்குக் கொஞ்சம் விதைத்திருந்தால் கேட்டு வாங்குங்கள். கோதுமை வைக்கோலும் வேலை செய்யும், வீரியமும் ஆயுசும் கொஞ்சம் குறைவு. இரண்டும் கிடைக்காவிட்டால் நெல் வைக்கோல். அது நீலப்பச்சைப் பாசியை அடக்குவதை ஆய்வகத்தில் பார்த்திருக்கிறார்கள், குளத்தில் பார்லி அளவுக்குச் சோதிக்கப்பட்டதில்லை. மேட்டுப்பாளையம், சத்தியமங்கலம் பக்கத்திலிருந்து மாட்டுக்கு வருகிற வைக்கோல் போதும், மருந்து அதிகம் அடிக்காத வயலா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். நன்றாகக் காய்ந்து மஞ்சளாக இருக்க வேண்டும். பச்சைப் புல், பாதி காய்ந்த தீவனப்புல், கேரட் தழை எதுவும் கூடாது. பச்சையாகப் போட்டால் சட்டென்று அழுகிச் சத்தைக் கக்கும், பிறகு அதற்கும் புண்ணாக்குக்கும் வித்தியாசமில்லை.

அளவு தண்ணீரின் ஆழத்துக்கு இல்லை, மேற்பரப்புக்கு. உங்களுக்கு 300 சதுர மீட்டர். ஏற்கெனவே பச்சையாக இருப்பதால் முதல் தடவை சதுர மீட்டருக்கு 50 கிராம், மொத்தம் 15 கிலோ. அடுத்த தடவையிலிருந்து 25 கிராம், அதாவது ஏழரை கிலோ போதும். நிறையப் போட்டால் சீக்கிரம் தெளியும் என்று 100 கிராமைத் தாண்டாதீர்கள், ஆக்சிஜன் பிரச்சினை மறுபடி வரும். வெங்காயம் வருகிற வலைப் பையில் வைக்கோலை உதறி உதறித் தளர்வாக நிரப்புங்கள், காலால் மிதித்து அடைத்தால் நடுவில் காற்றுப் போகாமல் நாறிவிடும், அது பாசியைத் தடுக்காது. ஒவ்வொரு பைக்குள்ளும் கழுவிக் காயவைத்த காலி எண்ணெய் கேன் ஒன்றை மூடி இறுக்கி வையுங்கள், ஊறின வைக்கோல் முழுகாமல் மேல் ஒரு அடிக்குள் நிற்கும். ஒரே மூலையில் கட்டாமல் ஐந்தாறு பையாகப் பிரித்து, கயிற்றில் கல் கட்டிக் குட்டை முழுக்கப் பரவலாக நிறுத்துங்கள். மோட்டாரின் ஃபுட்வால்வுக்குப் பக்கத்தில் வேண்டாம், நார் இழுத்துவிடும்.

போடுவதற்கு முன்னால் நூல் பாசியை மூங்கில் வாரியால் இழுத்து முடிந்தவரை எடுத்துவிடுங்கள். எடுத்ததைக் கரையிலேயே குவித்தால் அடுத்த மழையில் திரும்ப உள்ளே போய்விடும், எருக்குழிக்குக் கொண்டு போங்கள், நல்ல எரு அது. இப்போதைய வெயிலில் இரண்டு மூன்று வாரத்தில் வைக்கோல் வேலையை ஆரம்பிக்கும். குளிர்ந்த தண்ணீரில் ஒன்றரை, இரண்டு மாதம்கூட ஆகும். அதனால் அடுத்த வருடம் மாசியில் பச்சையைப் பார்த்துவிட்டு ஓடாமல், மார்கழிப் பனியிலேயே போட்டுவிடுங்கள். நான்கு முதல் ஆறு மாதத்தில் பை கறுத்து உளுத்துப்போகும், அது முழுகுமுன் எடுத்து எருவில் சேர்த்துவிட்டுப் புதுப் பை கட்டுங்கள்.

ஆனால் தண்ணீர் செம்மண் கலங்கலாக இருந்தால் வைக்கோலிலிருந்து வருகிற, பாசியைத் தடுக்கும் பொருள்களை அந்த மண் உறிஞ்சிவிடும், நீங்கள் 15 கிலோ போட்டாலும் பாதி பலன்தான். இங்கேதான் கேரட் கழுவும் தண்ணீர் வருகிறது.

பாசிக்கு வேண்டியது வெயிலும் சத்தும், சத்தில் முக்கியமாக மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ். நம் மலை மண் புளிப்பு மண், இரும்பும் அலுமினியமும் அதிகம், போடுகிற மணிச்சத்தை அது பிடித்து வைத்துக்கொண்டு பயிருக்கே முழுசாகக் கொடுப்பதில்லை. அதனால் நாம் ஒவ்வொரு போகத்துக்கும் காம்ப்ளக்ஸும் கோழி எருவும் கூடுதலாகப் போடுகிறோம், அது மண்துகளோடு ஒட்டிக்கொண்டே நிற்கிறது. நல்ல தண்ணீரில் கரைந்து ஓடாது, மண்ணோடு மண்ணாகத்தான் போகும். கேரட்டைப் பிடுங்கிக் கழுவும்போது போகிற அந்தச் சிவப்புச் சேறு சாதாரணச் சேறு இல்லை, வருடக்கணக்கில் நீங்கள் காசு கொடுத்து வாங்கிப் போட்ட உரம் ஒட்டிய மேல்மண். குட்டைக்குள் வந்தபின் அடியில் படிகிறது. அடியில் ஆக்சிஜன் இருக்கிறவரை இரும்பு அந்த மணிச்சத்தைப் பிடித்து வைத்திருக்கும். ஆக்சிஜன் தீர்ந்த அன்றைக்கு இரும்பு பிடியை விடும், மணிச்சத்து தண்ணீரில் கரைந்து நேராகப் பாசிக்குப் போகும். சாறு ஊற்றி ஆக்சிஜனைத் தீர்த்தால் என்ன ஆகும் என்று இப்போது தெரிகிறதல்லவா.

எவ்வளவு சத்து போதும் என்று கேட்டால் பயந்துவிடுவீர்கள். உங்கள் குட்டையில் சராசரி ஒன்றரை மீட்டர் ஆழம் வைத்தால் நாலரை லட்சம் லிட்டர். லிட்டருக்கு 0.1 மில்லிகிராம் பாஸ்பரஸ் இருந்தாலே தண்ணீர் தாராளமாகப் பச்சையாகும், அப்படியென்றால் முழுக் குட்டைக்கும் 45 கிராம். பதினேழு-பதினேழு காம்ப்ளக்ஸ் அறுநூறு கிராமில் அது இருக்கிறது. ஐம்பது கிலோ மூட்டை ஒன்றில் மூன்றரை கிலோவுக்கு மேல் பாஸ்பரஸ், ஒரு கிலோ பாஸ்பரஸுக்கு ஐந்நூறு கிலோ ஈரப்பாசி வளரலாம் என்பது நீரியலில் வழக்கமாகச் சொல்கிற கணக்கு.

தண்ணீரை வீணாக்கக் கூடாது என்கிற உங்கள் எண்ணம் மிக நல்லது, வாய்க்காலை மூடச் சொல்ல மாட்டேன். குட்டைக்கு முன்னால் இரண்டு குழி வெட்டுங்கள், ஒன்றுக்குக் கீழே ஒன்றாக, ஒவ்வொன்றும் இரண்டு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், முக்கால் மீட்டர் ஆழம் இருக்கட்டும். கழுவும் தண்ணீர் முதல் குழியில் விழுந்து, நிரம்பி, மேல்தண்ணீர் மட்டும் இரண்டாவதுக்கு வழிய வேண்டும். அதிலிருந்து வழிவது பத்தடிக்காவது புல் தரையில் பரவி ஓடிக் குட்டைக்குள் இறங்கட்டும், வெட்டிவேர் நட்டால் இன்னும் நல்லது. மெல்லிய களி அப்படியும் கொஞ்சம் தப்பிப் போகும், ஆனால் கனமான மண் நின்றுவிடும். குழியில் சேர்கிற சேற்றை மாதம் ஒரு தடவை அள்ளிப் பாத்திக்கே போடுங்கள், அது உங்கள் மண், உங்கள் உரம். சரிவில் மேலிருந்து கீழாகப் பாத்தி பிடித்திருந்தால் அதையும் குறுக்காக மாற்ற வேண்டும். ஊட்டியில் மத்திய அரசின் மண், நீர்வளப் பாதுகாப்பு ஆராய்ச்சி மையம் இருக்கிறது, சரிவுக்கு ஏற்ற வரப்பு, புல்வரிசை இடைவெளி எல்லாம் அவர்களிடம் கேளுங்கள். உரத்தையும் மண் பரிசோதனை செய்து பார்த்துவிட்டுப் போடுங்கள், பல வருடமாகக் காய்கறி போட்ட நிலத்தில் மணிச்சத்தைக் குறைக்கச் சொல்லியே முடிவு வர வாய்ப்பு அதிகம்.

மீனைப் பற்றியும் ஒன்று. மிரர் கார்ப் 1939ல் இலங்கையிலிருந்து நீலகிரிக்கு வந்தது, நம் குளிருக்கு ஏற்ற நல்ல மீன்தான், ஆனால் அது அடிச்சேற்றைக் கிளறித் தின்கிற மீன். படிந்த மண்ணையும் சத்தையும் ராப்பகலாக மேலே கலக்கிவிட்டுக்கொண்டே இருக்கும். குட்டையில் அது எத்தனை இருக்கிறதோ அதில் பெரியதாகப் பார்த்துப் பாதியைப் பிடித்துச் சாப்பிடுங்கள் அல்லது விற்றுவிடுங்கள். மிச்சத்துக்குக் கையால் தீனி போடுவதையும் நிறுத்துங்கள்.

நீங்கள் கெமிக்கல் வேண்டாம் என்கிறீர்கள், இருந்தாலும் உருளைக்கிழங்கு மருந்துக்கு வாங்கிய துருசு (மயில்துத்தம், தாமிர உப்பு) வீட்டில் இருந்தால் யாராவது ஒரு பிடி போடச் சொல்வார்கள் என்பதால் சொல்கிறேன். நம் மலையின் பாறையில் சுண்ணாம்பு குறைவு, தண்ணீர் மென்நீர், அப்படிப்பட்ட தண்ணீரில் தாமிரம் மீனுக்குப் பல மடங்கு கொடிய விஷமாகிறது. சமவெளிக் குளத்துக்குச் சொன்ன அளவை இங்கே போட்டால் மீன் மொத்தமும் போய்விடும், தாமிரம் அடிச்சேற்றிலேயே தங்கியும்விடும்.

பாட்டில் சோதனையை நாளைக்கே செய்யுங்கள். பச்சை அடியில் படிந்திருந்தால் இந்த வாரமே பாசியை வாரிவிட்டு வைக்கோலைக் கட்டிவிடலாம். மிதந்திருந்தால் வைக்கோலைக் கட்டலாம், ஆனால் நூல் பாசியை வாரக் குட்டைக்குள் இறங்க வேண்டாம், கரையிலிருந்தே இழுங்கள், கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். மேலே மிதப்பது முழுக்க அடங்கி, மறுபடி பாட்டிலில் பிடித்துப் பார்த்து, இரண்டு வாரம் தொடர்ந்து மிதக்காமல் இருக்கிறவரை மாட்டுக்கு ஊற்றுத் தண்ணீரோ வீட்டுக்குழாய்த் தண்ணீரோ தொட்டியில் பிடித்து வையுங்கள்.